நேசமணியின் தலையும் மெய்ப்பாட்டியலும்: மீம்களை வைத்து ஆய்வு செய்ய முடியுமா?

கேள்வி: நுண்கலையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தமிழ் மீம்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றதும், “அதெல்லாம் பொழுதுபோக்கு, அதில் ஆராய என்ன இருக்கிறது?” என்கிறார்கள். மீமைக் காட்சிக் கலையாகப் பார்க்க முடியுமா? கலைவழி ஆய்வு என்கிறார்களே, அது இதற்குப் பொருந்துமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தாராளமாகச் செய்யுங்கள். இன்னும் பத்து வருடம் கழித்து யாராவது செய்ய நினைத்தால், அப்போது கையில் பொருள் இருக்காது. முதலில் உங்கள் துறையினரிடம் சொல்ல ஒரு மனிதரின் கதை.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை ஆகியவற்றோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று கைக்கு வந்ததையெல்லாம் சேர்த்தார். பாட்டுப் புத்தகம் தியேட்டர் வாசலில் காசு கொடுத்து வாங்கி, படம் போனதும் கடலை மடிக்கப் போகிற தாள். அதை ஒருவர் அடுக்கி வைக்கிறார் என்றால் அன்றைக்கு ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று சென்னையில் வைத்தது. 1994-லிருந்து இயங்கிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி உருவானதுதான். தமிழ் சினிமாவையும் நாடகத்தையும் அச்சுப் பண்பாட்டையும் பற்றி எழுத வருகிற ஆய்வாளர்கள் இன்று அந்தத் தாள்களைத்தான் தேடிப் போகிறார்கள். “இதில் என்ன இருக்கிறது” என்று கேட்கப்பட்ட பொருளுக்குள் என்ன இருந்தது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. சேர்த்தவர் ஓர் ஓவியர் என்பதையும் மறக்காதீர்கள். பேராசிரியர்களுக்கு முன்னால் அவர் கண்ணுக்குத்தான் அது பட்டது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மீம் என்ற சொல்லை 1976-ல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் உருவாக்கினார். மரபணு உடம்புக்கு உடம்பு படியெடுத்துப் போவதுபோல, ஒரு மெட்டு, ஒரு சொலவடை, ஒரு பழக்கம் மனசுக்கு மனசு படியெடுத்துப் போகிறது என்றார். நாம் போனில் அனுப்புகிற மீமுக்கு அந்த விளக்கம் பாதிதான் பொருந்தும். இஸ்ரேலிய ஆய்வாளர் லிமோர் ஷிஃப்மன் 2014-ல் வெளியிட்ட நூலில் இதைச் சரியாகப் பிரித்துக் காட்டினார். ஒரே வீடியோவைக் கோடிப் பேர் பார்த்தால் அது வைரல். ஒன்றைப் பார்த்து இன்னொருவர் மாற்றிச் செய்ய, அதைப் பார்த்து மூன்றாமவர் மாற்ற, ஒன்றையொன்று அறிந்த ஒரு கூட்டமாக அவை வளர்ந்தால் அதுதான் மீம். ஆகவே ஒற்றை மீம் என்று தனியாக ஒன்று கிடையாது. குடும்பமாகத்தான் இருக்கும். “இந்தப் படம் கலையா?” என்று ஒரு படத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டால் பதில் வராமல் போவதற்குக் காரணம் இதுதான். ஒரு கோலத்தை வைத்துக்கொண்டு கோலக்கலையைப் பற்றிப் பேச முடியாது. தெரு முழுக்கப் பார்க்க வேண்டும்.

தமிழில் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை வடிவேலு. ஏன் அவர் முகம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவர் பெரிய நடிகர் என்பது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் போதாது. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற சேனல்கள் நாள் முழுக்க நகைச்சுவைக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டின. சாப்பிடும்போதும் பாடம் எழுதும்போதும் பின்னணியில் அது ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் ஒரு தலைமுறை வளர்ந்தது. கதை தெரியாது, யார் இயக்கினார் என்று தெரியாது, ஆனால் காட்சியின் ஒவ்வொரு மூச்சும் மனப்பாடம். 2011-க்குப் பிறகு அவர் நடித்த படங்கள் மிகவும் குறைந்துபோயின. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நம் கைக்கு வந்ததும் அதே காலம்தான். திரையில் அவர் இல்லாத வருடங்களில் அவருடைய பழைய முகங்கள் போன்களில் பெருகின. புதுப் படம் இல்லாததாலேயே பழைய படங்களின் ஒவ்வொரு நொடியையும் மீம் போடுகிறவர்கள் தோண்டி எடுத்தார்கள் என்பது என் கணிப்பு.

2019 மே மாதக் கடைசியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கட்டடப் பொறியியல் தொடர்பான ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர் பதில் எழுதினார்: இதன் பெயர் சுத்தியல், ஜமீன் மாளிகையில் இது தலையில் விழுந்துதான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி அடிபட்டார், பாவம். 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலுவின் பாத்திரம் அது. இன்னொருவர், இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற ஹேஷ்டேக் இந்தியாவைத் தாண்டி உலக டிரெண்டிங்கில் ஏறியது. மே 30-ஆம் தேதி டெல்லியில் புதிய அமைச்சரவை பதவியேற்ற அதே வேளையில், தமிழ்நாடு 18 வருடத்துக்கு முன் ஒரு சினிமாவில் விழுந்த சுத்தியலுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

செய்தியாளர்கள் டிரெண்டிங் எண்ணிக்கையைப் பற்றி எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த இரண்டு நாளில் உருவான படங்களின் வடிவம். நலம் விசாரிக்கும் போஸ்டர், பிரேக்கிங் நியூஸ் அட்டை, மருத்துவமனை அறிக்கை. “மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணித்து வருகிறார்கள்” என்ற தொனி, லெட்டர்பேடின் அமைப்பு, கீழே கையெழுத்து இருக்கும் இடம், எல்லாம் கச்சிதமாக இருந்தன. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. 2016-ல் ஒரு முதலமைச்சர் 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோது அறிக்கைகளை வரிவரியாகப் படித்துப் படித்து, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அலசிய மக்கள் நாம். அந்தப் படிப்பு மனசின் அடியில் இருந்தது. மூன்று வருடம் கழித்து ஒரு விளையாட்டில் கைவழியாக வெளியே வந்தது என்றுதான் நான் பார்க்கிறேன். ஒரு சமூகம் எதை உற்றுப் பார்த்து வைத்திருக்கிறது என்பதை அதன் மீம் காட்டிக்கொடுத்துவிடும். காட்சிப் பண்பாடு என்று நாம் சொல்வது இதைத்தான். ஓவியத்தோடும் சிற்பத்தோடும் அது முடிந்துவிடாது. எந்த வடிவத்தைப் பார்த்தால் எதை நம்புகிறோம், எதற்குப் பயப்படுகிறோம், எதற்குச் சிரிக்கிறோம் என்கிற பழக்கம் முழுவதும் அதில் அடக்கம்.

இப்போது ஒரே ஒரு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். என்னிடம் வடிவேலுவின் ஒரு ஸ்டில் மூன்று கோப்புகளாக இருக்கிறது. முதலாவது, படத்தின் நல்ல பிரதியிலிருந்து நானே எடுத்தது. இரண்டாவது, ஒரு மீம் பக்கத்தில் கிடைத்தது. மூன்றாவது, பல கை மாறி வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது. மூன்றாவதைக் கணினியில் பெரிதாக்கினால், வலது மேல்மூலையில் ஒரு சேனலின் லோகோ பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. இடது கீழே ஒரு பக்கத்தின் வாட்டர்மார்க். அதன் மேலேயே இன்னொரு பக்கம் தன் பெயரைக் குத்தியிருக்கிறது. மஞ்சள் எழுத்தின் ஓரத்தில் அழுக்கு படிந்தமாதிரி கொசகொசவென்று புள்ளிகள். கன்னம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள்.

அந்தச் சதுரங்கள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? படக் கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் (JPEG) முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கண் அதிகம் கவனிக்காத நுணுக்கங்களைக் கழற்றிவிடும். நிற வேறுபாட்டைத் தாராளமாக வெட்டும், வெளிச்சம் நிழல் வேறுபாட்டை முடிந்தவரை காப்பாற்றும். ஒவ்வொரு முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமித்து அனுப்பும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். ஆகவே மூன்றாவது கோப்பில் தோலின் மடிப்பு இல்லை, சட்டையின் நூல் இல்லை, கருவிழி இமை நிழலோடு கலந்துவிட்டது. மிஞ்சியது புருவத்தின் வளைவு, வாயின் கோணல், கண்ணின் வெள்ளை. எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது: படம் கெடக்கெட முகபாவம் கூடுகிறது. முதல் கோப்பில் ஒரு நடிகர் இருக்கிறார். மூன்றாவதில் ஒரு முகபாவம் மட்டும் இருக்கிறது.

நம் ஊர் சினிமா பேனர் ஓவியர்களை நேரில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உள்ளங்கை அளவு ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பல மடங்கு பெரிதாகப் போட்டு வரைவார்கள். கிட்டே போனால் ரோஸும் நீலமும் பச்சையும் திட்டுத் திட்டாக நிற்கும். மவுன்ட் ரோட்டில் பஸ்ஸில் போகிறவனுக்கு அது கோபம் கொப்பளிக்கும் முகம். எந்த நுணுக்கத்தைக் கைவிட்டால் எது தூக்கி நிற்கும் என்று அவர்களுக்குக் கை அறிவு இருந்தது. மீமில் அந்த வேலையைப் பாதி இயந்திரமும் பாதி அனுப்பியவர்களின் விரல்களும் செய்கின்றன. ஜெர்மானியக் கலைஞர் ஹிட்டோ ஸ்டெயர்ல் 2009-ல் இப்படிப்பட்ட நைந்துபோன படங்களுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். தெளிவு போனதால் மதிப்பு போகவில்லை, எத்தனை பேர் கை பட்டிருக்கிறது என்ற வரலாறு அந்தச் சிதைவிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். உங்கள் ஆய்வில் வாட்டர்மார்க்கை அழித்துச் சுத்தம் செய்யாதீர்கள் என்று நான் சொல்வதும் அதனால்தான். கோயில் சுவரில் சுண்ணாம்பு அடுக்கைச் சுரண்டிப் பார்ப்பவர்கள் அடுக்குகளின் வரிசையைக் குறித்துக்கொள்வார்கள். வாட்டர்மார்க்கும் அப்படி ஓர் அடுக்குதான்.

எழுத்தையும் பாருங்கள். ஆங்கில மீமில் படத்தின் மேலும் கீழும் கறுப்பு விளிம்போடு தடித்த வெள்ளை எழுத்து ஓடும். ஜெஃப்ரி லீ என்ற ஆங்கிலேயர் 1965-ல் வடிவமைத்த இம்பாக்ட் எழுத்துரு அது. தமிழ் மீம் வேறு வழியில் போனது. மேலே வெள்ளைப் பட்டையில் சூழ்நிலை, கீழே ஸ்டில். ஆரம்ப காலத்தில் ஏராளமானவை ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியவை. அதற்குச் சோம்பலைக் காரணம் சொல்லாதீர்கள். அன்றைய போட்டோஷாப்பில், இணையத்தில் பொதுவாகப் புழங்கும் யூனிகோட் தமிழைப் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்கு மாற்றி ஒட்டத் தெரிந்தவர்கள்தான் ஒழுங்காகத் தமிழில் போட முடிந்தது. பிறகு போனிலேயே தமிழ் எழுத்தை நேராகப் போடுகிற ஆப்கள் வந்ததும் நிலைமை மாறியது. ஒரு மீமின் எழுத்து வடிவத்தை வைத்தே அது தோராயமாக எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். கல்வெட்டு படிப்பவர்கள் எழுத்தமைதியை வைத்துக் காலம் சொல்வது போலத்தான்.

தமிழ் மீமில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. அதில் பெரும்பாலும் வசனம் எழுதியிருக்காது. சூழ்நிலையை மட்டும் எழுதிவிட்டு ஸ்டில்லைப் போட்டுவிடுவார்கள். வசனம் நமக்குக் காதில் கேட்கும். குரலின் ஏற்ற இறக்கத்தோடு, பின்னணி இசையோடு. வகுப்பில் ஒருமுறை எழுத்தே இல்லாத ஸ்டில்களை ஒவ்வொன்றாகக் காட்டி, முதலில் காதில் விழுவதை எழுதச் சொன்னேன். தமிழ்ப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஒரே வசனத்தை எழுதினார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் எழுதாமல் என்னைப் பார்த்தார். “சார், இவர் அழுகிறாரா, சிரிக்கிறாரா?” என்று கேட்டார். அன்று முழுக்க அந்தக் கேள்வியைத்தான் பேசினோம். காதில் குரல் கேட்காத ஒருவருக்குத்தான் அந்த முகத்தில் இரண்டு பாவங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பது தெரிந்தது.

இந்த இடத்தில் நம்மிடம் ஒரு பழைய கருவி இருக்கிறது. மனதின் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைப் பேசும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு நிலைக்களன். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணர், செயிற்றியனார் என்ற பழைய ஆசிரியரின் ஒரு நூற்பாவை மேற்கோள் காட்டுகிறார்: “உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல் மெய்ப்பாடு என்ப மெய்யுணர்ந் தோரே.” நடிப்பவன் செய்தது பார்ப்பவனுக்குப் போய்ச் சேர்வதுதான் மெய்ப்பாடு. மீமுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்த மொழியிலும் படித்ததில்லை.

வைத்துப் பார்த்தால் நன்றாக வேலை செய்கிறது. அச்சம் பிறக்கும் இடம் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை என்கிறார் தொல்காப்பியர். கடைசியில் உள்ள ‘தம் இறை’, தன்னை ஆள்பவன். ஐடி கம்பெனி மீம்களில் மேனேஜர் வருகிற இடம் எல்லாம் அதுதான். நகை பிறப்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலிருந்து. ‘கலாய்’ என்று நாம் சொல்வது இதில் எள்ளலை மட்டும். நேசமணிக்காக ஊரே கவலைப்பட்டதில் எள்ளல் மிகக் குறைவு. அதில் நிறைந்திருந்தது குழந்தை விளையாட்டு போன்ற ஒரு பேதைமை. தமிழ் மீம் என்றாலே கேலி என்று எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு உதாரணம். 2006-ல் வந்த ‘தலைநகரம்’ படத்தில் வடிவேலுவின் பாத்திரமான நாய் சேகர் தானாகப் போய்ப் போலீஸ் வண்டியில் ஏறி, நானும் ரவுடிதான் என்று ஊருக்கு அறிவிக்கிற காட்சி. அவருடைய உடம்பு காட்டுவது பெருமிதம். பார்ப்பவனுக்குக் கிடைப்பது நகை, கொஞ்சம் இளிவரல். உடம்பில் ஒன்று, பார்வையாளனிடம் இன்னொன்று. அந்த இடைவெளியில்தான் அந்த ஸ்டில் இத்தனை வருடமாக வாழ்கிறது. அழைப்பில்லாத விவாதத்தில் வந்து நுழைகிறவர், சாதனையாளர் பட்டியலில் தன் பெயரைத் தானே சேர்த்துக்கொள்கிறவர், எல்லோருக்கும் அந்த வண்டியில் இடம் இருக்கிறது. அந்த வசனமே 2015-ல் ஒரு படத்தின் தலைப்பானது. நாய் சேகர் என்ற பெயர் 2022-ல் மட்டும் இரண்டு படங்களின் தலைப்பில் வந்தது.

இதே வேலையை ஐரோப்பியக் கலையில் செய்தவர் ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் ஆபி வார்பர்க். 1924-லிருந்து 1929-ல் இறக்கும்வரை கறுப்புத் துணி போர்த்திய பலகைகளில் படங்களைக் குத்தி வைத்து மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே இருந்தார். பழைய கல் புடைப்புச் சிற்பம், பிளாரன்ஸ் ஓவியம் ஆகியவற்றோடு அஞ்சல்தலை, பத்திரிகை விளம்பரம், கோல்ஃப் ஆடும் பெண்ணின் புகைப்படம் வரை எல்லாம் ஒரே வரிசையில். கடைசி வடிவத்தில் 63 பலகைகள். ஆடை பறக்க ஓடி வரும் ஒரு பெண்ணின் உடலசைவு நூற்றாண்டு தாண்டி எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று தேடினார். வெறியாட்டம் ஆடும் கிரேக்கப் பெண்ணின் அதே உடல், சிலுவையின் கீழ் கூந்தலைப் பிய்த்துக்கொண்டு கதறும் மகதலேனா மரியாளாக மாறி நிற்பதைச் சுட்டிக்காட்டினார். அசைவு ஒன்றே, மெய்ப்பாடு நேர் எதிர். நாய் சேகர் ஸ்டில்லில் நாம் பார்த்ததற்கு நெருங்கிய உறவு இது. அவர் எழுதியதைவிட அடுக்கியது அதிகம் என்பதையும் கவனியுங்கள். அடுக்குவதே அவருக்குச் சிந்தனை. 2020-ல் பெர்லினில் அந்தப் பலகைகளை மூலப் படங்களோடு மறுபடி அமைத்துக் காட்சிக்கு வைத்தார்கள்.

கலைவழி ஆய்வு பற்றிய உங்கள் கேள்விக்கும் இதுதான் வாசல். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-ல் மூன்று வகை பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலை வழியாகச் செய்யும் ஆய்வு, கலைக்காகச் செய்யும் ஆய்வு. மீமைச் சேகரித்துக் கட்டுரை எழுதினால் முதல் வகை. அதை இதழியல் மாணவரும் சமூகவியல் மாணவரும் செய்யலாம், உங்களைவிட நன்றாகவே செய்யலாம். நீங்கள் ஓவியம் படித்தவர். வரைந்தும் வெட்டியும் ஒட்டியும் பெரிதாக்கியும் பார்த்தால் மட்டும் தெரியவருகிற ஒன்று இருக்க வேண்டும். அது இருந்தால்தான் இரண்டாம் வகை. ஈவா, பிராங்கோ மாட்டஸ் என்ற கலைஞர் தம்பதி 2016-ல் கூரை ஓட்டையிலிருந்து எட்டிப் பார்க்கும் பூனை மீமை, பாடம் செய்த உண்மைப் பூனையாகக் கலைக்கூடத்தின் கூரையில் வைத்தார்கள். போனில் பார்த்தபோது வெறும் வேடிக்கை. தலைக்கு மேல் நிஜமாக இரண்டு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்காணிப்பு. பொருளாகச் செய்து பார்த்தபிறகே அது புலப்படுகிறது. மீமைச் சும்மா சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற கண்காட்சிகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. சுவருக்கு வந்ததும் அதன் உயிர் போய்விடுகிறது, புதிதாக எதுவும் கிடைப்பதும் இல்லை.

சேகரிக்கும்போது ஒன்றில் கறாராக இருங்கள். படத்தை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எதற்குப் பதிலாக வந்தது, கீழே என்ன எழுதினார்கள் என்பதும் வேண்டும். பெப்பே தவளையின் கதை தெரியும்தானே? மாட் ஃப்யூரி என்ற ஓவியர் 2005-ல் வரைந்த ஒரு சாதுவான சித்திரக்கதைத் தவளை. 2016-ல் அமெரிக்காவில் வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்படும் அளவுக்கு இனவெறியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2019-ல் ஹாங்காங் வீதிகளில் ஜனநாயகம் கேட்ட இளைஞர்களின் தோழனாக அதே தவளை சுவர்களில் ஒட்டப்பட்டது. மூன்று இடத்திலும் அதே பச்சை முகம், அதே தடித்த உதடு. கோப்பில் படம் மட்டும் இருந்தால் நாளைக்குப் பார்ப்பவருக்கு எது எது என்று தெரியாது.

நம் சேகரிப்பிலும் வலி இருக்கிறது. அதை மூடி மறைத்து எழுதாதீர்கள். நிறத்தைச் சொல்லிச் சிரிப்பது, பெண்ணின் உடம்பைச் சொல்லிச் சிரிப்பது, சாதியைப் பூடகமாகச் சுட்டிச் சிரிப்பது ஆகியவை பழைய நகைச்சுவைக் காட்சிகளில் இருந்தன; ஸ்டில்லோடு சேர்ந்து அவையும் வந்தன. இளிவரல் பிறக்கும் நான்கில் மூப்பு, பிணி, மென்மை எல்லாம் உண்டு என்று மெய்ப்பாட்டியல் சொல்கிறது. பலவீனமானவரைப் பார்த்து எழும் அருவருப்பு எவ்வளவு பழையது என்று அது நமக்குக் காட்டுகிறது. நடிகரின் முகம் ஒரு விஷயம். நடிக்காதவர் முகம் முற்றிலும் வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கல்யாணப் புகைப்படம், அவர் கண் மூடியிருந்த ஒரு நொடி, யாரோ ஒருவர் கைவழியாக டெம்ப்ளேட் ஆகிவிட்டது. இரண்டு வருடம் அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. அதனால் தனிமனிதர் முகம் உள்ள மீம்களை என் மாணவர்கள் சேகரிப்பில் வைத்துக்கொண்டாலும் முகத்தை மறைத்துத்தான் வெளியே காட்ட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சினிமா ஸ்டில்களைப் பொறுத்தவரை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் இடம் தருகிறது. அச்சிட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் அனுமதி கேளுங்கள்.

தொடங்கும் வழி இதுதான். ஒரே ஒரு ஸ்டில்லைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு வசனம் நன்றாகக் காதில் கேட்கிற ஸ்டில்லாக இருக்கட்டும். அதன் நாற்பது வடிவங்களைத் தேடி எடுங்கள். சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துத் தரையில் பரப்புங்கள். தேதி வாரியாக ஒருமுறை அடுக்குங்கள், பிறகு மெய்ப்பாடு வாரியாக. இரண்டு அடுக்கும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிரஷ்ஷை எடுங்கள். அந்த முகத்தைக் கறுப்பு மையில் வரையுங்கள். அடுத்த தாளில் ஒரு விஷயத்தைக் குறைத்து வரையுங்கள். மீசையை எடுங்கள், பிறகு கண்ணை, பிறகு சட்டையை. ஒவ்வொரு தாளையும் வீட்டில் யாரிடமாவது காட்டி, வசனம் கேட்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எந்தத் தாளில் கேட்காமல் போகிறதோ அதற்கு முந்தைய தாளில் நீங்கள் தேடுகிற பொருள் இருக்கிறது. நான் நாய் சேகர் வண்டியில் நிற்கிற ஸ்டில்லை வைத்து இதைச் செய்தேன். கண் போனது, வாய் போனது, மீசை போனது, தூக்கி வாரிய தலைமுடிகூடப் போனது. என் அக்கா மகனுக்கு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பின்னால் சாய்ந்திருந்த கழுத்தை நிமிர்த்தி வரைந்த தாளைக் காட்டியதும், “இது யாரு மாமா?” என்றான்.